மூடியில்லாத பிளேயர்

வாங்க தம்பி, வாங்க. ஒரு புகார் போனுக்கு, செஞ்ச ஆளே பெங்களூருல இருந்து நேர்ல வருவாருன்னு நான் நெனைக்கவே இல்லீங்க. நாங்க பம்பு வித்த காலத்துல புகார்னு எவனாச்சும் போன் பண்ணுனா, சார் டீ சாப்புடப் போயிருக்காருன்னு சொல்லிப்போட்டு வெச்சுருவாங்க. பொழுதுக்கும் டீ குடிச்சுட்டே இருப்பாரு அந்த சார். அந்த சார் நான்தானுங்க.

உக்காருங்க. ஹால்ல இருக்கறது இந்த ஒரு நாற்காலிதான், நீங்களே உக்காருங்க. நான் சுவத்துல சாஞ்சுக்கறேன், பழகிப்போச்சு. ரெக்கார்டு பிளேயரு அதா இருக்குது பாருங்க. நீங்க செஞ்சது, உங்களுக்கு நான் காட்டணுமாக்கும்.

என்ன புகார்னா, சத்தம் வருதுங்க. வராம இல்ல. ஆனா எதோ கொறையுது. என்ன கொறையுதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. தண்ணி வருது சார், ஆனா முன்ன மாதிரி இல்லைன்னு விவசாயி வந்து நிப்பான் பாருங்க, அந்த மாதிரி வெச்சுக்கங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. ஐப்பசில இருந்துதான் இப்புடி. நீங்க பாட்டுக்குக் கழட்டிப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். காப்பி மட்டும் கேட்டுறாதீங்க, நான் போட்ட காப்பியக் குடிச்சா நீங்க வேலைய முடிக்காமயே பஸ் ஏறிருவீங்க. என்ற சம்சாரம் தெய்வானை இருந்தா நல்லாப் போடுவா. அவ கடையில இருக்கறா. தையக்கடை, தெரு முக்குலதான். தீபாவளி ஆர்டர் ஜாஸ்தியாயிட்டதால அங்கயே மேல ஒரு ரூம்ல தங்கிக்கறா.

ஆமாங்க, இப்ப மாசிதான். ஆர்டர் ஜாஸ்திங்கறேன்ல.

எனக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது தம்பி. கல்யாண ஊட்டுல நாதஸ்வரம் வாசிச்சா, எப்ப நிறுத்துவாங்க, எப்ப பந்தி போடுவாங்கன்னு பார்க்கற ஆளு நானு. எல்லாம் மருதாசலத்தால வந்தது. கூடப் படிச்சவன், இப்ப ரெண்டு மில்லுக்கு மொதலாளி. அவன் புது ஊடு கட்டிப் பால் காய்ச்சுனப்ப நாங்க ரெண்டு பேரும் போயிருந்தோம். சாப்பாடு முடிஞ்சதும் ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனான். வெளிநாட்டு ரெக்கார்டு பிளேயரு சுத்திட்டிருக்குது. பத்துப் பேரு கண்ண மூடி உக்காந்திருக்கறாங்க. நான் பக்கத்துல இருந்தவருகிட்ட மோர்க்கொழம்பு நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேனுங்க. மருதாசலம் கண்ணத் தொறக்கவே இல்ல. ஒரு வெரல மட்டும் தூக்கி, 'உஸ்'ன்னான்.

அவ்வளவுதான். நான் வாய வெச்சுப் பொழச்சவனுங்க. தண்ணியே இல்லாத கெணத்துக்குப் பம்பு வித்தவன். என்னைய ஒரு வெரல்ல அடக்கிட்டான். ஊட்டுக்கு வர்ற வழியெல்லாம் பொருமிட்டே வந்தேன். தெய்வானை, மோர்க்கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க சொன்னதுல என்ன தப்புன்னா. அவளுக்கு அதுதான் வெளங்குச்சு.

அப்பறந்தான் பேப்பர்ல உங்க கம்பெனியப் பத்திப் போட்டிருந்துச்சு. நம்ம நாட்டுலயே, நம்ம தேக்குல, ஒவ்வொண்ணாக் கையில செய்யறாங்கன்னு. அவனுது வெளிநாடு, என்னுது சுதேசி. இதுக்கு மேல அவன் என்ன பேசுவான்? உடனே எழுதிப் போட்டேன். வெலைய மட்டும் தெய்வானைகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. நீங்களும் சொல்லிறாதீங்க.

ஆவணியில வந்து சேர்ந்துச்சு. அப்பெல்லாம் இந்த ஹாலு இப்புடி இருக்காதுங்க. அந்தச் சன்னலுக்குக் கீழ தெய்வானையோட தையல் மெசினு. ரவிக்கை தெக்கக் குடுக்க வந்த பொம்பளைங்க எப்பவும் நாலஞ்சு பேரு இருப்பாங்க. மரப்பெட்டியப் பிரிக்கப் பிரிக்க எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க. கடைசில பார்த்தா ஒரு பலகை, ஒரு தட்டு, ஒரு கை, ஒரே ஒரு திருகு. பேருகூட எழுதல. தெய்வானை பெட்டிக்குள்ள வைக்கோல எல்லாம் தடவிப் பார்த்துட்டு, மூடியக் காணமுங்களே, கம்பெனிக்காரங்க மறந்துட்டாங்களான்னு கேட்டா. இது மினிமலிசம், மூடி கெடையாதுன்னேன். அப்புடின்னா என்னங்கன்னா. எதுவும் இல்லாம இருக்கறதுதான் அழகுன்னேன். எதுவும் இல்லாததுக்கா காசு குடுத்தீங்கன்னு கேட்டா பாருங்க, பொம்பளைங்க அத்தன பேரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சுத்தான் வெச்சேன்.

சரி, அடுத்தது கேளுங்க, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பிளக்கச் சொருகி, நீங்க கூடவே குடுத்திருந்தீங்களே ஒரு ரெக்கார்டு, அத வெச்சு முள்ள எறக்குனேன். சுத்துது. பட்டு மாதிரி சுத்துது. சத்தத்தக் காணோம். காதக் கொண்டுபோயி முள்ளுகிட்ட வெச்சா எறும்பு பேசற மாதிரி என்னமோ கேக்குது. ஓகோ, இதுதான் ஒசத்தி போலிருக்குதுன்னு முடிவு பண்ணிப்போட்டேன். தெய்வானையக் கூப்புட்டு, நல்ல பொருளு கத்தாது, நாமதான் கிட்டப் போகணும்னு சொன்னேன். அவளும் முந்தானைய இழுத்துச் சொருகிட்டு அந்தப் பக்கம் குனிஞ்சா. நான் இந்தப் பக்கம். தல முட்டற மாதிரி குனிஞ்சுட்டு, ஒரு வாரம் தெனமும் பொழுதோட, வெளக்கு வெச்சதும் கேட்டோமுங்க. இடுப்பு வலிக்குதுங்க, கொஞ்சம் சத்தமா வெக்கக்கூடாதான்னு கேப்பா. ரசனை இல்லாதவன்னு நான் வைவேன். ஆனா மக்யா நாளு பொழுதானா மறுபடியும் வந்து குனிவா.

மருதாசலம் வந்து பார்த்துப்போட்டுத்தான், ஆம்ப்ளிபயர் எங்கடா, ஸ்பீக்கர் எங்கடான்னு கேட்டான். பம்ப மட்டும் வாங்கி வெச்சுட்டு, பைப்பு வாங்காம, தண்ணி ஏன் தோட்டத்துக்குப் போகலைன்னு நிக்கற ஆளுங்கள எத்தன தடவை நக்கலடிச்சிருப்பேன். என்னைய நக்கலடிக்க அவன் ஒருத்தன் போதுமுங்க. அன்னைக்கே போயி ரெண்டையும் வாங்கிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்பறம் அவன ஒரு நாள் வரச்சொல்லி, இதே ரெக்கார்டப் போட்டேன். ரொம்பப் புது மாதிரி சங்கீதமுங்க அது. 'ஊ'ன்னு அடியில இருந்து ஏறும், ஏறும், ஏறிட்டே போயி காது கூசற எடத்துல நின்னுரும். அப்பறம் ஒரு எரைச்சல், மழை பெய்யற மாதிரி. மருதாசலம் கண்ண மூடி, தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடிஞ்சதும் மெதுவாக் கண்ணத் தொறந்தான். இதுல ஒரு ஆழம் இருக்குதுடான்னான். எனக்கும் அப்புடித்தான் பட்டுச்சு.

என்னங்க தம்பி, ஏன் சிரிக்கறீங்க?

டெஸ்ட் ரெக்கார்டா? பாட்டே இல்லீங்களா? மெசினு செரியா இருக்குதான்னு பார்க்கறதுக்காக வெச்சு அனுப்பறதா?

ஆறு மாசமா கண்ண மூடிக் கேட்டுட்டு இருக்கறேனேங்க. ரெண்டு தடவை கண்ணுல தண்ணியே வந்துச்சு. சரி, போகட்டும். மருதாசலத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம். இல்லாட்டி தெரியட்டும், அவனும்தான தலைய ஆட்டுனான்.

எங்க விட்டேன்? ஆங், மூடி. கோயமுத்தூர் தூசி உங்களுக்குத் தெரியாது. எங்க ஊட்டுல மிக்சிக்கு உறை, கிரைண்டருக்கு உறை, டிவிக்கு உறை, வாசிங் மெசினுக்குப் பூப்போட்ட உறை. எல்லாம் தெய்வானை தெச்சது. நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பார்க்கறேன், உங்க பிளேயரு மெரூன் கலர் வெல்வெட்டுல, கீழ சுத்தியும் ஃபிரில் வெச்சு, தங்க லேசு தெச்சு, சடங்குக்கு உக்கார வெச்ச புள்ளையாட்டம் உக்காந்திருக்குது. அந்தத் திருகு இருக்குதுல்லங்க, அதுக்குன்னு அளவெடுத்து ஒரு ஓட்டை விட்டு, ஓரத்துல பூ வேலை வேற. இத எடு மொதல்ல, மனுசன் பார்த்தாச் சிரிப்பான்னேன். அப்புடியே மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா. சண்டைக்கு வராம ஒத்துக்கிட்டாளேன்னு எனக்கு ரொம்ப சந்தோசமுங்க.

அதுக்கப்பறந்தான் எனக்கு மினிமலிசம் புரிய ஆரம்பிச்சுது. பெட்டி மட்டும் வெறுசா இருந்தாப் போதுமா? அதச் சுத்தி மளிகைக் கடை காலண்டரு, பொம்மை வெச்ச ஷோகேஸ், எனக்குக் கம்பெனில குடுத்த ஷீல்டு. கண்ண உறுத்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்தேன். காலண்டரு போச்சு. ஷோகேஸ் போச்சு. டிவி பெட்ரூமுக்குப் போச்சு. சோபாவ மச்சினன் ஊட்டுக்குக் குடுத்துட்டேன். எங்கப்பாரு போட்டோவுல சீரியல் லைட்டு மினுக்கிட்டே இருக்கும், அவர சாமி ரூமுக்கு மாத்திட்டேன். அவரு உசுரோட இருந்தப்பவே ஆடம்பரம் புடிக்காத மனுசன். எங்க கல்யாணப் போட்டோவ எறக்குனப்ப சுவத்துல வெளுப்பா ஒரு சதுரம் தெரிஞ்சுது. அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சுட்டேன், இப்பத் தெரியாது பாருங்க.

ஆனா தையல் மெசினு ஒண்ணு பாக்கி. அவ காலால மிதிச்சா தரை அதிரும், முள்ளு எகிறும். இது அளவுக்கு மெல்லிசான சாமான எங்கயும் பார்த்ததில்லீங்க. நல்ல கட்டத்துல போயிட்டிருக்கும், தடதடன்னு ஒரு ஓட்டு ஓட்டுவா, முள்ளு தாவி வேற எடத்துக்குப் போயிரும். பத்தாததுக்கு பொம்பளைங்க பேச்சு. ருக்மணி மருமக கோவிச்சுட்டுப் போனது, தண்ணி லாரி வராதது, எவ ஊட்டுல என்ன கொழம்பு. நானும் பேப்பரப் புடிச்சுட்டு இத்தன வருசம் அதையெல்லாம் கேட்டுட்டுத்தான் உக்காந்திருந்தேன், சில நாளு நடுவுல பூந்து ரெண்டு வார்த்தை சொல்லுவேன். ஆனா பிளேயரு வந்ததுக்கப்பறம் அது செரிப்படுமாங்க?

ஒரு நாள் கண்ண மூடிக் கேட்டுட்டிருக்கேன். சிரிப்புச் சத்தம். நான் கண்ணத் தொறக்கவே இல்ல. வெரல மட்டும் தூக்கி, 'உஸ்'ன்னேன். பட்டுன்னு அடங்குச்சு பாருங்க ஹாலு. எனக்குப் பட்டாபிஷேகம் நடந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கப்பறம் அவங்க வர்றது கொறஞ்சு போச்சு. துணியக் குடுத்துட்டு வாசலோட போயிருவாங்க.

புரட்டாசில ஆயுத பூசைக்கு அவ மெசினுக்கும் இதுக்கும் ஒரே தட்டுல சந்தனம் கொழச்சுப் பொட்டு வெச்சா. முள்ளுல படாம வெக்கத் தெரியுமான்னு நான் சத்தம் போட்டேன். அது முடிஞ்ச கையோட, ஒரு நல்ல நாள் பார்த்து, மெசின கார் ஷெட்டுக்கு மாத்தலாம்னு சொன்னேன். காரு வித்து ரொம்ப நாளாச்சு, எடம் சும்மாதான கெடக்குது. அவ மெசினத் தொடச்சுட்டு இருந்தா. தலையத் தூக்காமயே கேட்டா.

'அடுத்தது என்னைய எங்க வெக்கப் போறீங்க?'

நானும் நல்லா ரோசனை பண்ணித்தானுங்க சொன்னேன், சமையக்கட்டுல இருந்துக்க, அங்க ஃபேன் இருக்குது, காத்தோட்டமா இருக்கும்னு. அக்கறையாத்தான் சொன்னேன். ஷெட்டுல காத்து வராதில்லீங்களா. அவ தொடச்ச துணிய உதறி மடிச்சா. அப்பறம் சரீங்கன்னு சொல்லிட்டா. பொம்பளைங்கள எப்பவுமே புரிஞ்சுக்க முடியாது தம்பி. சரீன்னு சொன்னவ, மக்யா நாளு குட்டியானை வண்டிய வரச்சொல்லி மெசின ஏத்திட்டா. ஷெட்டுல வெளிச்சம் பத்தாதுங்க, முக்குல கடை காலியிருக்குது, தீபாவளி நோம்பி வரைக்கும் அங்க வெச்சுக்கறேன்னா. நான்தான் அந்தக் கோடியப் புடிச்சு வண்டியில ஏத்திவிட்டேன். பார்த்து ஏத்துங்க, கீறிறப் போகுதுன்னு டிரைவரத் திட்டுனதும் நான்தான்.

அன்னைக்குப் பொழுதோட இந்த நாற்காலியில உக்காந்து கேட்டேனுங்க. அதிர்வு இல்ல, பேச்சு இல்ல, முள்ளு எகிறவே இல்ல. இந்த ஆழத்தத்தான் மருதாசலம் சொன்னான்னு நெனச்சுட்டேன். மூணாவது நாளோ நாலாவது நாளோ, சத்தத்துல எதோ கொறையற மாதிரி பட்டுச்சு. ஸ்பீக்கர இப்புடித் திருப்பி வெச்சேன், அப்புடித் திருப்பி வெச்சேன். வயர மாத்துனேன். வேற ரெக்கார்டு வாங்கிப் போட்டேன், அது நெசமாவே பாட்டுங்க, புல்லாங்குழலு. அதுவும் அப்புடித்தான். நோம்பி முடிஞ்சா அவ வந்துருவா, வந்ததும் அவளக் கேக்கச் சொல்லலாம், அவளுக்கு என்னைய விடக் காது நல்லாக் கேக்கும்னு இருந்தேன். நோம்பி முடிஞ்சுது. கார்த்திகை ஆர்டர்னா. தைப்பொங்கலு. அப்பறம் கல்யாண சீசன். இப்பவும் வேலை இருக்குதுன்னுதான் சொல்றா.

சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. மத்தியானம், துணி தெக்கக் குடுக்க வருவாளே அந்த ருக்மணி, தையக்கடையில இருந்து கேரியரக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போயிருவா. உப்பு, காரம் எல்லாம் எனக்கு எப்புடி வேணுமோ அப்புடியே இருக்கும். நேத்து மோர்க்கொழம்பு. யாருகிட்டச் சொல்றது?

கடைக்குப் போலாம்தான். போனேன். பெண்களுக்கு மட்டும், ஆண்கள் உள்ளே வரக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்குதுங்க. எல்லா லேடீஸ் டெய்லர் கடையிலயும் போடறதுதான், ரவிக்கைக்கு அளவெடுக்கற எடமில்லீங்களா. ஒரு பச்சத் திரைச்சீலை தொங்குது. உள்ளாற மெசினு ஓடுது, கூட இன்னும் ரெண்டு மெசினு சேர்ந்திருக்குது போல. பேச்சு, சிரிப்பு. நான் கரெண்ட் கம்பத்துகிட்ட நின்னு கேட்டுட்டிருந்தேன். அவ பெருசாச் சிரிச்சா ஒரு தடவை. என்னத்துக்குச் சிரிச்சான்னு தெரியல. உள்ள போயிக் கேக்கலாம்னா போர்டு. தெருவுல போறவன் ஒரு மாதிரி பார்த்தான், பொம்பளைங்க கடைக்கு முன்னால இந்தக் கெழவனுக்கு என்ன சோலின்னு. வந்துட்டேன். இப்பவும் தெனமும் அந்தப் பக்கமாத்தான் பால் வாங்கப் போறேன். பால்கடை இந்தப் பக்கந்தான் இருக்குது.

என்னங்க, ஸ்குரூவ எல்லாம் மாட்டிட்டீங்க? பார்த்தாச்சுங்களா?

ஒரு குறையும் இல்லீங்களா? முள்ளு? பெல்ட்டு? நல்லாப் பார்த்தீங்களா? செஞ்ச அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குதா?

எதாச்சும் ஒரு குறை இருந்திருந்தா நல்லாயிருந்திருக்குமுங்க. அதச் செரி பண்ணிப்போட்டு, செரியாயிருச்சு, வந்து கேட்டுப் பாருன்னு அவளக் கூப்புட்டிருப்பேன். இப்ப என்னத்தச் சொல்லிக் கூப்புடறது? சும்மா வான்னு கூப்புட எனக்கு வாயி வரல தம்பி. வாய வெச்சுப் பொழச்சவன்னு சொன்னேன்ல, அந்த வாயிதான். ஊடு வெறிச்சுன்னு கெடக்குது. கஷ்டமா இருக்குது.

ஒரு ஒதவி பண்ணுங்க. வந்தது வந்தீங்க, இதத் தூக்கிட்டு முக்கு வரைக்கும் கூட வாங்க. கடையில ஒரு ஓரமா வெச்சரலாம். அதிரும்னு சொல்லாதீங்க, அதிரட்டும். முள்ளு எகிறுனா நான் எடுத்து வெக்கறேன், வேற என்ன வேலை எனக்கு. நான் சொன்னா அவ நம்பமாட்டா. நீங்க செஞ்ச ஆளு, நீங்க சொன்னா நம்புவா. இந்த மாடலு ஆள் இல்லாத ஊட்டுல இருந்தாக் கெட்டுப்போயிரும், நாலு பேரு பேசிட்டிருக்கற எடத்துலதான் வெக்கணும்னு சொல்லுங்க. அப்பறம், இத ஒரு ஆளு எப்பவும் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கணும், அதுவும் வாங்குன ஆளே உக்காரணும், அது கம்பெனி ரூலுன்னு சொல்லுங்க. பொய்யாட்டம் தெரிஞ்சா மொதல்ல சொன்னத மட்டும் சொல்லுங்க. ஆளு வேணாம்னா, பெட்டியவாச்சும் வெச்சுக்கட்டும்.

அந்தப் பக்கம் புடிங்க. மெதுவா. படி இருக்குது, பார்த்து.

கடைக்குள்ள நீங்க போங்க, சாமான் எறக்க வர்றவங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் போர்டுக்கு இந்தப் பக்கமே நிக்கறேன். நீங்க சொல்றப்ப அவ மொகத்தப் பாருங்க தம்பி. சிரிச்சான்னா, திரைச்சீலைய ஒரு கையில கொஞ்சம் ஒதுக்கிப் புடிங்க. நான் வந்தர்றேன்.